அதிக விளைச்சல் மட்டும்தான் ஆராய்ச்சியா? சேலத்துக் குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து ஓர் எளிய விளக்கம்

வாழப்பாடிப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் விவசாய ஆராய்ச்சியைப் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "நெலையத்துல ஏக்கருக்கு அத்தனை டன் வருதுங்கறாங்க, நம்ம காட்டுல வெச்சா பாதிகூட வரலீங்க, எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்பது ஒன்று. "ஆராய்ச்சியில நிரூபிச்ச மருந்துங்கண்ணா, கண்ண மூடிக்கிட்டு அடிங்க" என்பது இன்னொன்று. முதலில் பேசுகிறவர் கைக்காசை இழந்து நொந்தவர். அடுத்தவர் பெரும்பாலும் எதையாவது விற்க வந்தவர். ஆனால் இருவரும் ஆராய்ச்சியை ஒரே மாதிரிதான் புரிந்துவைத்திருக்கிறார்கள்: எங்கோ ஒரு கட்டடத்துக்குள் செய்து முடித்து, பொட்டலம் கட்டி ஊருக்கு அனுப்புகிற சரக்கு என்று.

எனக்குப் புரிந்தவரை, சிறு விவசாயிக்கு உதவுகிற ஆராய்ச்சி அவருடைய காட்டுக்குள் (விளைநிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம்) வந்து, அவருடைய கேள்வியோடு நடந்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். எங்கள் வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டாங்காடு. கீழே வருகிற கேள்விகளில் பாதி என் அம்மா கேட்டவை. பதில் தெரியாமல் நான் தேடிப் போனவை.

சிறு விவசாயி என்றால் யார்?

அரசுக் கணக்கில் 1 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 2.5 ஏக்கருக்குக் குறைவாக நிலம் உள்ளவர் குறு விவசாயி. 1 முதல் 2 ஹெக்டேர் வரை உள்ளவர் சிறு விவசாயி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள நில உடைமைகளில் 86 சதவீதம் இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஓர் உடைமையின் சராசரி அளவு 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் அது இன்னும் குறைவு, 0.75 ஹெக்டேர்தான்.

ஏக்கர் கணக்கு பாதிக் கதைதான். எங்கள் ஊரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), வரப்போரம் ஆமணக்கு, கொட்டகையில் ஒரு கறவை மாடு, வாசலில் நாலு மேச்சேரி ஆடு. மகன் வெள்ளிப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். அம்மா களையெடுப்புக் கூலிக்குப் போகிறார். ஆடு இருக்கிறதே, அது அந்த வீட்டு உண்டியல்; ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது உடைப்பார்கள். இப்படி ஒரு குடும்பம் வருஷம் முழுக்க எதையெல்லாம் வைத்து ஓடுகிறதோ அத்தனையையும் சேர்த்துத்தான் வாழ்வாதாரம் என்கிறோம்.

ஒரு பயிரை மட்டும் பார்க்காமல் இந்த மொத்த வீட்டையும் ஒரே கணக்காகப் பார்க்கிற ஆய்வுக்குப் பண்ணைய முறை ஆய்வு என்று பெயர். குச்சிக்கிழங்கை நட்டுவிட்டுப் பத்து மாதம் காசுக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதம் செடி படராமல் இடைவெளி வெயிலில் கிடக்கிறது. அங்கே சின்ன வெங்காயமோ உளுந்தோ கொத்தமல்லியோ போட்டால் மூன்றாம் மாதமே கையில் கொஞ்சம் காசு வரும். கிழங்கு மட்டும் எடை போட்டுப் பார்க்கிற ஆய்வுக்கு இந்த வெங்காயம் கண்ணில் படாது, வீட்டைப் பார்க்கிற ஆய்வுக்குப் படும். பொட்டனேரியில் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் இந்தக் காரணத்தால்தான் முக்கியம். ஆட்டைப் பற்றிய ஆய்வும் காட்டைப் பற்றிய ஆய்வும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்கின்றன.

ஏற்காட்டில் பொங்காத மாவு

சேலம் டவுனில் ராத்திரி எட்டு மணிக்கு மாவாட்டி, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் விடியும்போது பாத்திரத்தை விட்டுப் பொங்கி வழிந்திருக்கும். அதே மாவைத் தூக்கில் ஊற்றி ஏற்காட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மார்கழிக் குளிரில் அடுப்படியில் வைத்தால் காலையிலும் வைத்தபடியே இருக்கும். அரிசி, உளுந்து, கைப்பக்குவம் எதிலும் தப்பில்லை. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். மாவைப் பொங்கவைக்கும் கிருமிகளுக்கு வேண்டிய சூடு அங்கே இல்லை.

ஒரு பயிர் ரகமும் இந்த மாவு மாதிரிதான். ரகத்தின் குணம், அது நிற்கிற இடத்தின் மண், மழை, சூடு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்துதான் விளைச்சல். ஓர் இடத்தில் முதலாவதாக வந்த ரகம் இன்னோர் இடத்தில் பின்தங்கிவிடும். இதை இடச்சார்பு என்று வைத்துக்கொள்வோம்.

1960களில் ஆடுதுறை 27, ஐ.ஆர்.8 போன்ற நெல் ரகங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். டெல்டாவில் வாய்க்கால் தண்ணீர், சமதளம், வயலுக்கு வயல் பெரிய வேறுபாடு கிடையாது. ஆராய்ச்சி நிலையத்து வயலும் விவசாயி வயலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. சேர்வராயன் மலையில் அப்படியில்லை. ஒரே சரிவில் மேலே செம்மண் அரித்துக் கல் தெரியும், கீழே கறுத்த மண் சேர்ந்திருக்கும்.

மலையில் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இன்றும் அராபிகா காப்பிக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்கிற வண்டு. வெயில் படுகிற தண்டைத் தேடித்தான் அது பட்டை இடுக்கில் முட்டையிடும். அதனால் சில்வர் ஓக் மாதிரி நிழல் மரங்களை எவ்வளவு கழிப்பது என்பது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. "நிழலைக் குறைத்தால் காய் கூடும்" என்று எங்கேயோ சரியாக இருந்த ஒரு யோசனை, அரை ஏக்கர் காப்பியும் மிளகும் வைத்திருக்கிற ஒருவர் தோட்டத்தில் வண்டுக்குக் கதவு திறந்துவிட்டதாக முடியலாம். பெரிய எஸ்டேட்டுக்கு வண்டு விழுந்த செடியைத் தேடிப் பிடுங்க ஆள் இருக்கும். அவருக்கு அவரேதான் ஆள்.

பக்கத்துப் பாத்தி எதற்கு?

அடுத்து ஆய்வின் உயிர்நாடிக்கு வருவோம். சித்திரை மாதம், குச்சிக்கிழங்கின் நுனிக் கொழுந்தில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிக்கொண்டிருக்கிறது. ஒருவர் கடையில் கொடுத்த மருந்தை வாங்கி அடிக்கிறார். பத்து நாளில் பூச்சி குறைந்துவிட்டது. "மருந்து வேலை செஞ்சுருச்சு" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார். ஆனால் அந்தப் பத்து நாளுக்குள் இரண்டு கோடை மழை அடித்திருந்தது. பலத்த மழை மாவுப்பூச்சியைக் கழுவித் தள்ளிவிடும். குறைத்தது மருந்தா, மழையா?

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். அதே காட்டில் ஒரு பாத்திக்கு மருந்து அடிக்காமல் விட வேண்டும். அதற்குப் பெயர் ஒப்பீட்டுத் திடல். இரண்டு பாத்தியிலும் மழை ஒன்றுதான், மண் ஒன்றுதான். மருந்து அடித்த பாத்தியில் மட்டும் பூச்சி குறைந்தால் அது மருந்தின் வேலை. இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் மழைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் மருந்தடித்த பாத்தி, பத்து வருஷத்துக்கு முன்னால் குப்பைமேடு இருந்த மூலையாக இருக்கலாம். அந்த மூலையில் எதை வைத்தாலும் கருகருவென்றுதான் வரும். அதனால் ஒரே ஒப்பீட்டைக் காட்டின் பல இடங்களில், பல பேர் காடுகளில் திரும்பச் செய்கிறார்கள். இதற்கு மறுநிகழ்வு என்று பெயர். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல மூலையை நமக்குப் பிடித்த ரகத்துக்குக் கொடுத்துவிடுகிற ஆசை எல்லோருக்கும் உண்டு என்பதால்தான் இந்த ஏற்பாடு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: விளைச்சல் இடத்தைப் பொறுத்து மாறும், ஆகவே அந்த இடத்திலேயே சோதிக்க வேண்டும். சோதிக்கும்போது பக்கத்தில் ஒப்பிட ஒரு பாத்தி வேண்டும். அதையும் பல இடங்களில் செய்ய வேண்டும்.

ஏத்தாப்பூரிலிருந்து உங்கள் காடு வரை

சேலம் மாவட்டத்தில் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத் தோன்றும், வேலை வேறு வேறு.

முதல் கட்டம் நிலையத்துக்குள் நடக்கும். நேரத்துக்குத் தண்ணீர், அளந்த உரம், களையே இல்லாத பாத்தி. இங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: எல்லா வசதியும் கொடுத்தால் இந்த ரகத்தால் அதிகபட்சம் எவ்வளவு முடியும்? டீக்கடையில் கோபப்பட்டவர் கேட்ட எண் இதுதான். அது பொய்யில்லை. நம் காட்டுக்கான வாக்குறுதியாக அதை எடுத்துக்கொண்டதில்தான் தவறு. நிலையத்து விளைச்சலுக்கும் நம் விளைச்சலுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை விளைச்சல் இடைவெளி என்கிறார்கள். ஆய்வாளர்கள் அதை மறைக்கிறதில்லை, அதைத்தான் ஆராய்கிறார்கள். இடைவெளிக்குக் காரணம் தண்ணீரா, நடவுக் குச்சியின் தரமா, களையெடுக்க ஆள் கிடைக்காததா என்று.

அடுத்த கட்டம் வயல்வெளி ஆய்வு. விவசாயியின் காட்டில், அவருடைய கிணற்றுத் தண்ணீரில், அவரே பராமரித்துச் செய்கிற சோதனை. வேளாண் அறிவியல் நிலையங்களின் முக்கிய வேலைகளில் இது ஒன்று. நாட்டிலேயே முதலாவது நிலையம் 1974ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இங்கே ஒப்பீட்டுத் திடலாக இருப்பது அந்த விவசாயி வழக்கமாகச் செய்கிற முறைதான். "வெறும் பாத்தியைவிட நல்லது" என்று சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. "நீங்கள் இப்போது செய்வதைவிட நல்லதா?" என்பதுதான் கேள்வி.

அதில் தேறியதைத்தான் முதல்நிலை செயல்விளக்கமாகப் போடுகிறார்கள். ஊரார் வந்து கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, கேள்வி கேட்பதற்கான திடல் அது. பலரும் இந்தத் திடலை மட்டும் பார்த்துவிட்டு இதுதான் ஆராய்ச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நிலையத்து ஆய்வையும் வயல்வெளி ஆய்வையும் ஒட்டவைக்க ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 1990களில் உருவான ஒரு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். தாய்-சேய் சோதனை என்று சொல்லலாம். ஊர் நடுவில் ஒரு பெரிய திடலில் பத்துப் பன்னிரண்டு வகைகளையும் முறையாக நட்டு ஆய்வாளரே கவனிப்பார். அது தாய். ஊரைச் சுற்றியுள்ள பல விவசாயிகள் அதில் தங்களுக்குப் பிடித்த மூன்று நான்கை மட்டும் எடுத்துப்போய்த் தங்கள் காட்டில் சின்னச் சின்ன பாத்தியாக வைப்பார்கள். அவை சேய்கள். தாய்த் திடல் துல்லியம் தரும். சேய்த் திடல்கள் நிஜத்தைத் தரும். ஒரு விவசாயியின் சேய்ப் பாத்தி மாடு மேய்ந்து அழிந்துபோனாலும் மொத்த ஆய்வும் கெடாது. மாடு மேய்ந்ததே ஒரு தகவல்தான், அந்த ஊரில் அறுவடைக்கு அப்புறம் மாட்டை அவிழ்த்துவிடும் வழக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சராசரியும் மூன்றாம் வருஷமும்

மலைக்குப் போக இரண்டு பஸ் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முக்கால் மணியில் கொண்டுபோய்விடும், ஆனால் வாரத்தில் ஒருநாள் வரவே வராது. இன்னொன்று ஒரு மணி நேரம் ஆகும், தினமும் வரும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டிய வீட்டுக்காரர் எந்த பஸ்ஸை நம்புவார்?

கணக்குக்காக இரண்டு ரகத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை. முதல் ரகம் நான்கு வருஷத்தில் ஏக்கருக்கு 16, 17, 3, 16 டன். இரண்டாவது 11, 12, 10, 11 டன். சராசரி போட்டால் முதலாவதுக்கு 13, இரண்டாவதுக்கு 11. காகிதத்தில் முதல் ரகம்தான் ஜெயிக்கிறது. ஆனால் கையிருப்பு இல்லாத வீட்டில் மூன்றாம் வருஷம் என்ன நடக்கும்? குத்தகையும் உர பாக்கியும் கட்ட முடியாது. தோடு அடகுக்குப் போகும், அல்லது உண்டியலாக வைத்திருந்த ஆடு விலைக்குப் போகும். நான்காம் வருஷத்து 16 டன் அந்த வட்டியை அடைக்கவே சரியாகிவிடும்.

இதனால்தான் சிறு விவசாயிக்கான ஆய்வில் சராசரிக்குப் பக்கத்திலேயே நிலைத்தன்மையையும் பார்க்கிறார்கள். மோசமான வருஷத்திலும் எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் நிலைத்தன்மை. புது ரகத்தை ஏற்காத விவசாயியை "மாற மாட்டேங்கறார்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பல நேரம் அவர் மனதுக்குள் இந்த மூன்றாம் வருஷத்துக் கணக்கைச் சரியாகவே போட்டிருப்பார்.

எடையோடு தரமும் உண்டு. நம் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் கிழங்கை வெறும் எடைக்கு மட்டும் வாங்குவதில்லை. மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை. டன் கூடிப் பாயிண்ட் குறைந்தால் லாரி வாடகைதான் கூடும். ஆகவே முள்ளுவாடிக்கும் குங்குமரோஸுக்கும் பதிலாக ஒரு புது ரகம் வர வேண்டுமானால், அது பூமியில் தேறினால் போதாது, ஆலை வாசலிலும் தேற வேண்டும்.

கடுகளவுக் குளவி செய்த வேலை

இப்போது ஓர் உண்மைச் சம்பவம். நம் மாவட்டத்திலேயே நடந்தது.

குச்சிக்கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அங்கே அதன்மேல் வாழ்ந்த ஒரு மாவுப்பூச்சி 1970களின் தொடக்கத்தில் எப்படியோ ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. சொந்த ஊரில் அதைத் தின்று அடக்கிவைத்திருந்த எதிரிகள் கூடப் போகவில்லை. காவல் இல்லாத ஊரில் கள்ளன் புகுந்தது போல நாடு நாடாகப் பரவியது. கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அன்றாட உணவே அந்தக் கிழங்குதான். மருந்து அடித்துச் சமாளிக்க அவர்களிடம் காசில்லை. அடித்தாலும் பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சு மருந்தை ஒட்டவிடாது.

நைஜீரியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளரின் குழு கேட்ட கேள்வி இது: இந்தப் பூச்சி தன் சொந்த ஊரில் ஏன் இவ்வளவு அட்டகாசம் செய்வதில்லை? தேடிப் போனார்கள். 1981ல் பராகுவேயில் அந்தப் பூச்சி கிடைத்தது. அதோடு அதன் எதிரியும் கிடைத்தது: அனாகைரஸ் லோபெசி என்ற கடுகளவுக் குளவி.

இந்தக் குளவி ஓர் ஒட்டுண்ணி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி காய்ந்து கூடாக நிற்க, அதை ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். அது போய் அடுத்த பூச்சியைத் தேடும். ஆளைக் கொட்டாது, கிழங்கைத் தொடாது. ஒரு தீங்குயிரியை அதன் இயற்கை எதிரியைக் கொண்டே அடக்குவதை உயிரியல் கட்டுப்பாடு என்கிறோம். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் அந்தக் குளவியை விட்டார்கள், பூச்சி அடங்கியது. அந்த வேலைக்காக ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே பூச்சி 2020ல் கேரளாவின் திருச்சூரில் தென்பட்டது. கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல், தர்மபுரி காடுகளுக்கு வந்துவிட்டது. நுனி இலையெல்லாம் கொத்தாகச் சுருண்டு, செடி குட்டையாகி நின்ற காட்சியை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021ல் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்தது. கொண்டுவந்த உடனே வெளியில் விட்டுவிடவில்லை. பூட்டிய ஆய்வுக்கூடத்தில் வைத்து, நம் ஊரின் நல்ல பூச்சிகளை இது தொந்தரவு செய்யுமா என்று பார்த்த பிறகே அனுமதி. 2022 மார்ச்சில் முதல்முறையாக அந்தக் குளவி காட்டுக்கு விடப்பட்டது. எங்கே தெரியுமா? ஏத்தாப்பூர் நிலையத்தில், சுற்றுவட்டார விவசாயிகள் முன்னிலையில்.

நம் மாநிலத்துக்கு இது புதிய வழியும் இல்லை. 2008ல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி குச்சிக்கிழங்கையும் பிடித்தபோது, 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வேறொரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்துதான் அடக்கினார்கள்.

இந்தக் கதையை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான கண்டுபிடிப்புகள் முதலில் காசுள்ளவர் கைக்குப் போகும், அப்புறம்தான் மற்றவருக்கு. குளவிக்கு வரப்பு தெரியாது. பட்டா யார் பெயரில் என்று பார்க்காது. அரை ஏக்கர் குத்தகைக் காட்டிலும் பத்து ஏக்கர் தோட்டத்திலும் ஒரே மாதிரி பறக்கும். விவசாயி ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். ஆனால் அவர் இரண்டு காரியத்தைச் செய்யாமல் இருக்க வேண்டும். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் பூச்சிக்கு முன்னால் குளவிதான் சாகும். பூச்சி பிடித்த காட்டிலிருந்து நடவுக் குச்சி வெட்டிக்கொண்டு போனால் பூச்சியையும் சேர்த்தே அடுத்த ஊருக்கு விதைத்த மாதிரி. ஆய்வாளர் செய்தது பாதி, மீதிப் பாதி காட்டுக்காரர் கையில்தான்.

சாமை ஏன் மலையை விட்டு இறங்கியது?

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டம். 1997 வரை சேலத்தோடுதான் இருந்தது. மலையாளி என்ற பழங்குடி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தவர்கள். சேர்வராயன் மலையிலும் அப்படித்தான். கீழே ஆலைகள் பெருகப் பெருக, கொல்லிமலைச் சரிவுகளில் குச்சிக்கிழங்கு ஏறியது, சிறுதானியம் சுருங்கியது.

வெளியிலிருந்து பார்க்கிறவர் உடனே "அதிகம் விளைகிற சாமை ரகம் கொடுத்தால் திரும்ப வரும்" என்பார். 1990களிலிருந்து அங்கே வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் வீடுகளுக்குள் போய்க் கேட்டபோது இன்னொரு காரணம் வந்தது: குத்துகிற வேலை. நெல்லை மில்லில் கொடுத்து வாங்கிவிடலாம். சாமையின் உமியைப் போக்க உரலும் உலக்கையும்தான். அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில். காலையெல்லாம் குத்தினால் ஒரு வேளைச் சோறு. ரேஷன் அரிசி வந்த பிறகு எதற்காகக் குத்த வேண்டும்?

ஆகவே அங்கே ஆய்வு விதையோடு நிற்கவில்லை. ஊருக்குள்ளேயே சிறிய உமி நீக்கும் இயந்திரம், அதை நடத்த மகளிர் சுய உதவிக் குழு, நாட்டு ரகங்களைக் காக்க ஊர் விதை வங்கி, மாவாகவும் உணவுப் பொருளாகவும் செய்து விற்க வழி என்று ஒரு சங்கிலியாகவே போட்டார்கள். கேள்வியைத் தப்பாகக் கேட்டிருந்தால் நல்ல விதையைக் கொடுத்தும் பலன் இருந்திருக்காது.

கேள்வி யாருடையது?

இந்த இடத்தில்தான் பங்கேற்பு ஆய்வு என்கிற சொல் வருகிறது. கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்புவது பங்கேற்பு ஆகாது. எதைச் சோதிப்பது, எதை வைத்து வெற்றி தோல்வியைச் சொல்வது என்பதில் விவசாயிக்குச் சொல் உரிமை இருந்தால்தான் அது பங்கேற்பு ஆய்வு. ரகத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துச் சாமை ரகம் நட்டு, முற்றியதும் ஊராரை அழைத்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஆண்கள் கதிரைப் பார்ப்பார்கள். பெண்கள் தாளின் உயரத்தையும் பார்ப்பார்கள், மாட்டுக்குத் தீவனம் வேண்டுமே. ஒருவர் உமி எளிதாகப் போகுமா என்று உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். இவற்றில் பல எந்த அளவுகோல் பட்டியலிலும் முன்கூட்டி இருந்திருக்காது.

இதன் இன்னொரு முகம் உழவர் வயல்வெளிப் பள்ளி. 1989ல் இந்தோனேசியாவில் நெற்பயிருக்காகத் தொடங்கியது. நம் ஊரில் பண்ணைப் பள்ளி என்பார்கள். வாரம் ஒருநாள் ஒரு குழு வயலில் இறங்கி, கெட்ட பூச்சி எத்தனை, நல்ல பூச்சி எத்தனை என்று எண்ணி, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே பேசி முடிவெடுக்கிறார்கள்.

சுருக்கமாக: ஆய்வின் தரத்தை ஒப்பீடும் மறுநிகழ்வும் காக்கின்றன. ஆய்வின் பயன், யாருடைய கேள்வியிலிருந்து தொடங்கியது என்பதைப் பொறுத்திருக்கிறது. இனி யாராவது "ஆராய்ச்சியில் நிரூபித்தது" என்று சொன்னால், எந்த மண்ணில், எதோடு ஒப்பிட்டு, எத்தனை காட்டில், எத்தனை வருஷம் என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

உங்கள் காட்டில் ஒரு சோதனை

சில வருஷத்துக்கு முன்னால் என் பெரியப்பா ஒரு நல்ல காரியம் செய்தார். குச்சிக்கிழங்கில் தேமல் நோய் என்று ஒன்று உண்டு. இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வந்து சுருங்கும். வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்பும், அதைவிட எளிதாக நாம் வெட்டி நடுகிற குச்சி வழியாகவே அடுத்த பருவத்துக்கு வந்துவிடும். நோய் இல்லாத செடிகளைப் பார்த்து வைத்து அவற்றிலிருந்து மட்டும் குச்சி எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு ஒரு யோசனை. காட்டின் பாதிக்கு அப்படித் தேர்ந்த குச்சி, மறு பாதிக்கு வழக்கம் போல. பத்து மாதம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டார். அறுவடை அன்று லாரி அவசரப்படுத்தியது, ஆட்கள் இரண்டு பாதிக் கிழங்கையும் ஒன்றாக அள்ளிப் போட்டுவிட்டார்கள். எது எவ்வளவு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அன்று அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

அவர் செய்தது சரியான ஆய்வுதான். நீங்களும் செய்யலாம், செலவு எதுவும் இல்லை. செடி மூன்று நான்கு மாதமாக இருக்கும்போது, தேமல் பளிச்சென்று தெரிகிற காலத்தில், காட்டைச் சுற்றி வந்து திட்டு இல்லாத திடமான செடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். அதற்கு முன்னால் கட்டினால் நோய் இன்னும் வெளியே தெரியாத செடியும் தேர்ந்துவிடும். அறுவடையில் அந்தச் செடிகளின் குச்சியைத் தனிக் கட்டாகக் கட்டி நிழலில் வையுங்கள். அடுத்த நடவில் நான்கு சால் இந்தக் குச்சி, அடுத்த நான்கு சால் வழக்கமான குச்சி, மறுபடி நான்கு, மறுபடி நான்கு. குப்பைமேட்டு மூலையை இரண்டுக்கும் கொடுக்காதீர்கள். தண்ணீரும் உரமும் இரண்டுக்கும் ஒன்றே. பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு பேரையும் இதையே செய்யச் சொல்லுங்கள். சந்தியூரிலோ ஏத்தாப்பூரிலோ ஒருமுறை போய்ச் சொல்லிவைத்தால் அவர்களும் வந்து பார்ப்பார்கள்.

லாரிக்கு ஒருநாள் முன்னதாகவே அந்தச் சால்களை மட்டும் பிடுங்கிவிடுங்கள். இரண்டு வகைக் கிழங்கையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, ஒரே தராசில் எடை போட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.